இடைவெளிக்குப் பிறகு மறுபடியும் வேலைக்குப் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது?

நூல்கண்டு:
இன்டர்வியூ எடுத்தவர் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்: "இந்த இடைவெளி ஏன்?" ரெஸ்யூமேயில் அந்த 7 வருஷத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாரி சார், பையன் அப்போ ரொம்பச் சின்னவன்" என்றேன். நடந்தது அவ்வளவுதான். கணக்கு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை, அதுகூடப் பரவாயில்லை. அந்த 'சாரி'தான் 4 மாதமாக என்னை விடமாட்டேன் என்கிறது. மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. பிள்ளை வளர்த்ததற்கு நானாக ஏன் கேட்டேன்?

கருமேகம்:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள 6 வருஷம் வேலையை விட்டிருந்த ஒரு பொறியாளர் இன்டர்வியூவுக்கு வந்திருந்தார். கடைசியில், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றேன். "உங்கள் டீமில் என்னைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். கூட இருந்த ஹெச்.ஆர். என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 12 வருஷமாக ஆள் எடுக்கிறேன், ஒருமுறைகூட நான் அதை யோசித்ததில்லை.

விடிவெள்ளி:
நூல்கண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'சாரி' அல்ல பிரச்சினை, பையனைப் பற்றிப் பேசியதுதான். நான் போன முதல் 3 இன்டர்வியூவிலும் இதையேதான் செய்தேன். மூன்றாவது இடத்தில், "இப்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதிலேயே நேரம் முழுக்கப் போய்விட்டது.

இது நம் மனப்பிரமை இல்லை. சமூகவியலாளர் கேத்தரின் வைஸ்ஹார் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கற்பனையான விண்ணப்பங்களை நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். வேலை பறிபோய் வீட்டில் இருந்தவர்களைவிட, குழந்தைக்காகத் தாமாக விலகியவர்களுக்குத்தான் அழைப்பு குறைவாக வந்தது. இத்தனைக்கும் அனுபவம் இருவருக்கும் ஒன்றே. அதனால் நான் சொல்வது இதுதான். ரெஸ்யூமேயில் 'எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை' என்று போடாமல், 'ஆடிட்டில் 9 வருஷ அனுபவம்' என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். இதையும் 2022இல் ஒரு பரிசோதனையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இடைவெளி தெரியும்படி தேதி போட்ட ரெஸ்யூமேக்களைவிட அழைப்புகள் சுமார் 15 சதவீதம் கூடின. இன்டர்வியூவில் இடைவெளி பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, உடனே வேலையைப் பற்றிப் பேச்சைத் திருப்புங்கள். அந்த வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டு 20 தடவை சொல்லிப் பாருங்கள். பழைய சகாக்களைக் கூப்பிடுங்கள். நாம் மாறிவிட்டோம் என்று நமக்குத்தான் தோன்றும், அவர்கள் மனதில் நாம் விட்டுவந்த அன்று இருந்தபடியேதான் இருக்கிறோம். 11 வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்பி, இதையே தன் பணியாக்கிக்கொண்ட கரோல் ஃபிஷ்மன் கோஹனும் இதைத்தான் சொல்லி வருகிறார். பயிற்சி வகுப்பில் சேர்வதாக இருந்தால், சான்றிதழைவிட ஒரு சின்ன வேலையை முடித்துக் காட்ட இடம் தருகிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

எண்சுவடி:
விடிவெள்ளி சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. இடைவெளியை மறைத்துக்கொண்டு உள்ளே போனால், போன பிறகும் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2022 முதல் லிங்க்ட்இன்னிலேயே அதைத் தனியாகக் குறிப்பிட வசதி இருக்கிறது. நான் வெளிப்படையாகப் போட்டுத்தான் ரிட்டர்ன்ஷிப்பில், அதாவது இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களுக்கான சில வாரப் பயிற்சி வேலையில், சேர்ந்தேன். 2008இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் அந்தப் பெயரில் தொடங்கியது, அப்புறம் பலரும் பின்பற்றினார்கள். எனக்கு 16 வாரம், சம்பளத்தோடு. என் டீம் லீடுக்கு என்னைவிட 11 வயது குறைவு. நாலாவது வாரம் ஒரு அறிக்கையில் எண்கள் ஒத்துவரவில்லை. எல்லோரும் புது மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பதிவு இரண்டு தடவை ஏறியிருந்ததைப் பார்த்து நான் காட்டினேன். அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றார். அந்த நாற்காலிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 16 வாரம் முடிந்ததும் காலியிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சேரும் முன்பே, "முடித்தவர்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கண்ணாடிக்குடுவை:
ஆய்வகத்துக்காரி நான். திரும்பிப் போன முதல் நாள் என் பழைய நோட்டைத் திறந்தேன். கையெழுத்து என்னுடையது, எழுதியிருந்தது புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்றாவது வாரம் புரிந்தது. அந்த மூன்று வாரத்தை யாராவது நமக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் இயற்பியல் பேராசிரியர் டாஃப்னி ஜாக்சன் 1985இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் அதைத்தான் செய்கிறது: பகுதிநேர ஆய்வு, கூடவே மறுபயிற்சி.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. விடிவெள்ளி, பையனைப் பற்றிப் பேசுவதை நிறுத்த மாட்டேன், 'சாரி'யை மட்டும் எடுத்துவிடுகிறேன். அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை. கருமேகம், அந்தப் பொறியாளருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கருமேகம்:
"ஒருவர்கூட இல்லை" என்றேன். ஆஃபர் அனுப்பினோம். அவர் வரவில்லை.