வாட்டர்லூ அணிவகுப்பு: பழைய செய்தித்தாள் தேடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்லூ என்று ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்காக 1866 மே 5 அன்று கடைகளை அடைத்து, கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, அங்கிருந்த மூன்று கல்லறைத் தோட்டங்களுக்கும் ஊரே அணிவகுத்துப் போனதாகச் சொல்கிறார்கள். யோசனை சொன்னவர் தளபதி இல்லை, ஹென்றி வெல்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர்! 1966-இல் அதிபர் ஜான்சன் இந்த ஊர்தான் ‘மெமோரியல் டே’ (போரில் இறந்த வீரர்களை அமெரிக்கர்கள் நினைவுகூரும் நாள்) பிறந்த இடம் என்று அறிவித்தும்விட்டார். ஆனால் அணிவகுப்பு நடந்ததே 1868-இல்தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

மகளின் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடப்போய் நான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது, நூலகத்தில் 1866 மே மாதத்து உள்ளூர்ச் செய்தித்தாள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? நகல் எடுக்கும் செலவைத் தந்துவிடுகிறேன்.