புதுப்பிப்பு: பழைய தலையணையை மாற்றியாச்சு

பதினான்கு வருடத் தலையணை, காலையில் கழுத்துப் பிடிப்பு, ஆனால் தூக்கிப்போட மனமில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். "பாதியாக மடித்துப் பாருங்கள், தானாக விரியாவிட்டால் அதன் கதை முடிந்தது" என்றார் ஒருவர். மடித்தேன். மடித்த தோசை மாதிரி அப்படியே கிடந்தது.

முதலில் மெமரி ஃபோம் (தலையின் வடிவுக்கு அமுங்கும் நுரை) தலையணை வாங்கினேன். நம்ம ஊர் வெக்கைக்குச் சரிப்படவில்லை, இரவெல்லாம் தலை சூடு. நான்கே நாளில் தம்பிக்குப் போய்விட்டது (அவன் ஏசியில் படுப்பவன்).

அப்புறம் பழையதைப் பஞ்சுக்கடையில் பிரித்துக் காட்டினேன். உள்ளே பாதி தூள். பருத்தி என்றால் அடித்துப் புதுசாக்கலாம், இலவம்பஞ்சு இழை இப்படி நொறுங்கிவிட்டால் மறுபடி உப்பாது என்றார் கடைக்காரர். புதிதாக, போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு ஒன்றேகால் கிலோ அடைத்துத் தைத்துக் கொடுத்தார்.

முதல் மூன்று இரவும் மலைமேல் தலை வைத்த மாதிரி இருந்தது. நான் ஒருக்களித்துப் படுப்பவள். தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி நிரம்பினால் போதும். தையலைப் பிரித்து இரண்டு கைப்பிடி எடுத்தேன். அதற்கப்புறம் பிடிப்பு இல்லை, நடு இரவு விழிப்பும் குறைந்திருக்கிறது.

பழைய பூப்போட்ட உறையை மட்டும் விடவில்லை. புதுசுக்கு அதுதான் போட்டிருக்கிறேன்.