புதுப்பிப்பு: டைடல் ரிவரில் கூடாரம் காற்றைத் தாங்கியது

புத்தாண்டுக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள வில்சன்ஸ் பிராமண்டரி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், அங்கே டைடல் ரிவர் முகாமிடத்து மணலில் கூடார முளை நிற்குமா என்று நவம்பரில் கேட்டிருந்தேன். நீளமான மணல் முளை வாங்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. டிசம்பர் 31 இரவு காற்று பேயாக அடித்தும் ஒரு முளைகூட அசையவில்லை.

விக்டோரியாவில் புத்தாண்டு சமயம் கோடை, இரவு எட்டரை மணிக்கும் நல்ல வெளிச்சம். ஐந்து பேரும் கேஸ் அடுப்பில் ரசம் வைத்து, டம்ளரில் ஊதி ஊதிக் குடித்தோம். கடலில் நனைந்து வந்த உடம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

அப்புறம், அங்கே உள்ள ஸ்க்வீக்கி பீச் கடற்கரை மணல் நிஜமாகவே காலடியில் கீச்சிடுகிறது. உருண்டையான குவார்ட்ஸ் மணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பாருங்கள்.

சாப்பாட்டுச் சாமானை மட்டும் காருக்குள் வையுங்கள். ராத்திரி ஒரு வொம்பாட் (குட்டைக் கால், குண்டு உடம்புள்ள ஆஸ்திரேலியப் பை விலங்கு) வந்து கூடாரத்தை முகர்ந்துவிட்டுப் போனது.