ஊருக்குப் பணம் அனுப்புவது: கையில் விழுவது எவ்வளவு?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் அறக்கட்டளை வழியாகக் கட்டும் ஊர்ப் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும், வீட்டுக்கும் பணம் அனுப்ப எந்த ஆப் நல்லது என்று லண்டன் தம்பி போன வாரம் கேட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து 14 வருடமாக மாதாமாதம் அனுப்புகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்கு. "கட்டணம் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் உடனே ரேட்டைப் பாருங்கள். அங்கேதான் எடுப்பார்கள். சந்தையில் ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கட்டணம் வாங்காமல் 108 தருகிறார். இன்னொருவர் 3 பவுண்டு பிடித்துக்கொண்டு மீதிக்கு முழு 110 தருகிறார். 500 பவுண்டு அனுப்பினால் முதல் வழியில் 54,000, இரண்டாவதில் 54,670. அந்த 670 ரூபாயில் என் அம்மாவுக்கு அரை மாதத்து மாத்திரை வாங்கலாம். வைஸ் என்ற ஆப் இரண்டாவது வகை, சந்தை ரேட்டைக் கொடுத்துக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும். சில ஆப்கள் முதல் தடவைக்கு மட்டும் நல்ல ரேட் தரும், அடுத்த மாதம் அது இருக்காது. அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்றைத் திறந்து, கடைசியில் எத்தனை ரூபாய் விழும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். துபாய் அண்ணன்கள் எக்ஸ்சேஞ்சில் அனுப்பினாலும் இதே கணக்குத்தான்.

வங்கியிலிருந்து ஸ்விஃப்டில் (நாடு விட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பும் வழி) அனுப்பினால் நடுவில் இருக்கும் வங்கியும் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளலாம். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. அண்ணன் மகளின் காலேஜ் ஃபீஸைச் சரியாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தேன். அம்மா பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வங்கி வாசலிலிருந்தே போன் செய்தார். "ஆயிரத்து நூறு கொறச்சலா எறங்கியிருக்கேப்பா, இன்னைக்குத்தான கடைசி நாளு?" பக்கத்து வீட்டு அத்தையிடம் வாங்கித்தான் அன்றைக்குக் கட்டினார்கள். ஸ்விஃப்ட் படிவத்தில் செலவு யாருடையது என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லாம் அனுப்புபவருடையது என்று குறித்துவிடுங்கள்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ்–யூபிஐ இணைப்பு இருக்கிறது. பேநவ் என்பது இங்கே சிங்கப்பூரில் போனிலேயே பணம் அனுப்பும் வசதி, நம் யூபிஐ மாதிரி. ஐஓபி, இந்தியன் வங்கி, ஸ்டேட் வங்கி எல்லாம் தொடக்கத்திலேயே சேர்ந்தவை. கணக்கு எண் வேண்டாம், யூபிஐ ஐடி போதும். சின்னத் தொகைக்கு வசதி, ஆனால் ரேட்டைப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் ரொக்கம் கட்டி அனுப்பினால் 2026 ஜனவரி முதல் 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கத்து டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது.

தயவுசெய்து உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் வைத்துப் பணம் மாற்றும் ஹவாலாவில், மட்டும் போடாதீர்கள். ரேட் கூடத்தான் வரும். ஆனால் அது சட்டவிரோதம். அதோடு, யாரையோ ஏமாற்றிய பணம் அம்மா கணக்கில் வந்து விழுந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். வயதான காலத்தில் அவர் எந்த ஸ்டேஷனுக்கு அலைவார்?

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு ஆப் பக்கமே போகவேண்டாம். வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான சேவை வழியாக அறக்கட்டளைக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுப்பதில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் நம் ஊர் வங்கியில் வைத்திருக்கும் கணக்குகள்) அறக்கட்டளைக் கணக்குக்கு நேராக மாற்றிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ், கனடா குடியுரிமை வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுப்பது) இருந்தாலும் உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். நம் அறக்கட்டளைக்கு இன்னும் பதிவு இல்லை. உங்கள் மனசு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தவறான வரவால் பொருளாளர் மாமா இந்த வயதில் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. ஆடிட்டரிடம் முன் அனுமதி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறேன், பதில் வந்ததும் எழுதுகிறேன்.

அதுவரை, இந்த மாதம் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் எதில் அனுப்பினீர்கள், எவ்வளவு அனுப்பினீர்கள், ஊரில் எத்தனை ரூபாய் விழுந்தது என்று மூன்றையும் இங்கே எழுதுங்கள். தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
வடக்குத்தெருக்காரன், சிங்கப்பூர்