பார்சல் கொடுக்கிற தம்பிக்குச் சேமலாப நிதி கேட்கலாமா?

வணக்கம் அண்ணைமார், அக்காமார். தொழில் சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கோ.

தம்பி பரந்தனிலிருந்து விசுவமடு வரைக்கும் பார்சல் கொடுக்கிறவன். இரண்டரை வருடமாக ஒரே கம்பனிதான். மோட்டார் சைக்கிளும் லீசிங்கும் பெற்றோலும் அவனுடையவை. ஆனால் காலை ஏழரைக்குப் போய் நிற்க வேண்டும், கம்பனி ரீசேட் போட வேண்டும், ஒரு நாள் வராவிட்டால் காசு வெட்டு. போன மாதம் தருமபுரத்தில் மாடு குறுக்கே பாய்ந்ததில் விழுந்து கை முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "பார்சலுக்கு ஒன்றும் இல்லையே?" அப்புறம், "நீர் எங்கட ஊழியர் இல்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்றார்கள். கையெழுத்து வைத்த தாள் முழுக்க ஆங்கிலம். அவன் எங்கே வாசித்தான்!

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதி (EPF) சட்டப்படி, துண்டுக் கணக்கில், அதாவது செய்த வேலையின் அளவுக்குக் காசு வாங்கி, வேலை செய்கிற ஊழியருக்கும் சேமலாப நிதி உண்டு: சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ETF) என்ற வேறொரு நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். சிக்கல், இவன் 'ஊழியரா' என்பதில்தான். நாலு வீட்டு வேலையைத் தன் பாட்டில் பிடித்துச் செய்கிற மேசன் இதைக் கேட்க முடியாது, சரி. இவனுக்கு லீவு எடுக்கவே அனுமதி வேண்டுமே?

தொழில் திணைக்களத்தில் இப்படி முறைப்பாடு கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? நேரத்துக்கு வரச் சொல்லி வந்த வாட்ஸ்அப் குரல் பதிவுகள் சாட்சியாகுமா? கிளிநொச்சியில் நல்ல சட்டத்தரணி தெரிந்தாலும் சொல்லுங்கோ. மாவுக்கட்டு அவிழ்க்க இன்னும் மூன்று கிழமை. லீசிங்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.