சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ரேடியேட்டரை மாற்றுவதா?

பல்லாவரத்தான்: 12 வருடப் பெட்ரோல் வண்டி. ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. கத்திப்பாராவில் பத்து நிமிடம் ஊர்ந்தால் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. மெக்கானிக் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பழையவண்டி: மாற்றிவிடுங்கள் சார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் கூலியே பொருள் விலையைத் தாண்டிவிடும். எனக்கு செங்கல்பட்டு தாண்டி நடுரோட்டில் பம்ப் போய், குடும்பத்தோடு வெயிலில் நின்றேன்.

ஸ்பேனர்: எனக்கு உடன்பாடில்லை. ஓடும்போது சூடாகவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று போதும், நின்றுவிட்டால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். பம்ப் தண்ணீரைத் தள்ளவில்லை என்றாலோ சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தாலோ ஈசிஆரில் அந்த வேகத்துக்கு எப்போதோ கொதித்திருக்கும். ஏசியைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற வேண்டும், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சுற்றவில்லையா, ஃபியூஸ், ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே, அப்புறம் மோட்டார். மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் ஆகுமா?

பழையவண்டி: நீங்கள் சொல்வது நல்ல தண்ணீர் ஊற்றிய வண்டிக்கு. இங்கே போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்திருக்கும். பாதி அடைத்த ரேடியேட்டரும் டிராஃபிக்கில் திணறலாம், அதை ஃபேன் மேல் பழி போட்டால் எப்படி?

ஸ்பேனர்: உப்பு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதையும் பார்த்துவிட்டுச் சொல்லலாமே. என்ஜின் முழுக்க ஆறிய பிறகு (சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (உள்ளே ஓடும் குளிர்விக்கும் திரவம்) நிறத்தைப் பாருங்கள். மூடியின் ரப்பரையும் பாருங்கள். அது ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்திருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள், ரேடியேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பல்லாவரத்தான்: பார்த்துவிட்டேன். ஏசி போட்டும் ஃபேன் அசையவே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஹார்ன் ரிலேயிலும் ஃபேன் ரிலேயிலும் ஒரே நம்பர் இருந்ததால் இடம் மாற்றிச் செருகினேன், ஃபேன் விர்ரென்று சுற்றுகிறது. இப்போது ஹார்ன் அடிக்கவில்லை, நாளை காலை புது ரிலே வாங்க ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்கு ஹார்ன் இல்லாமல் எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

ஸ்பேனர்: ரிலே வாங்கும்போது அந்தப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், நம்பர் ஒத்துப்போக வேண்டும்.

பழையவண்டி: அதெல்லாம் இருக்கட்டும், கூலன்ட் நிறத்தைச் சொல்லவே இல்லையே?

பல்லாவரத்தான்: டீ மாதிரி இருக்கிறது.

பழையவண்டி: பாலில்லாத டீயா, பால் டீயா? பால் கலந்த மாதிரி இருந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது, ரிலே வாங்கி வந்தாலும் இந்த விவாதம் முடியாது.

பல்லாவரத்தான்: கடுங்காப்பிக்குக் கொஞ்சம் கம்மி. துருதான்.

ஸ்பேனர்: அப்படியானால் பழையதை வடித்து உள்ளே அலசி (ஃப்ளஷ்) விட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டரைப் பற்றி அதற்கு அப்புறம் பேசுவோம்.