பெசன்ட் வேட்டைக்கு நாயைப் பழக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நான் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கிறேன். பெசன்ட் என்ற, கோழி போன்ற பறவையை வேட்டையாடும் பருவம் இங்கே அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. பக்கத்துப் பண்ணைக்காரர் இந்த முறை என் லாப்ரடாரையும் கூட்டி வரச் சொல்கிறார். சுடுவது எங்கள் வேலை இல்லை, விழுந்த பறவைகளைத் தேடி எடுத்து வருவதுதான். குண்டடிபட்டும் சாகாமல் புதருக்குள் ஓடும் பறவையைச் சீக்கிரம் பிடித்து அதன் வேதனையை முடிக்க நல்ல நாய் வேண்டும். அதனால்தான் இதை ஒழுங்காகச் செய்ய நினைக்கிறேன்.

மோப்பத்தில் அவள் கெட்டிக்காரி. பயிற்சிப் பொம்மையைப் பல் படாமல் கவ்வி வந்து கையில் தருவாள். ஆனால் ஷாட்கன் சத்தம் தூரத்தில் கேட்டாலே வாலை ஒடுக்கிக்கொண்டு என் காலடியில் ஒண்டிவிடுகிறாள். வரிசையாக நின்று பலர் சுடும்போது என்ன ஆவாளோ!

சத்தத்துக்குப் படிப்படியாகப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: எவ்வளவு தூரத்தில் தொடங்கினீர்கள்? சாப்பாடு வைக்கும் நேரத்தில் பழக்கலாமா? அப்புறம், சேற்றுப் பாதையில் லேண்ட் ரோவரின் பின்பக்கம் எல்லா நாய்களையும் சேர்த்து ஏற்றுவார்கள். இவளுக்குத் தனிக் கூண்டு கேட்பது சரியா?

பயம் தெளியாவிட்டால் அடுத்த பருவம் பார்த்துக்கொள்கிறேன், வற்புறுத்த மாட்டேன்.